கேட்டுவிட்டுப் போடும் ஊசி

நர்சுகளுக்கான பயிற்சித் திட்டத்தில் ஊசி, கட்டு, மானிட்டர் என்று எல்லாப் பாடங்களுக்கும் பெரிய டாக்டர் தலையாட்டிவிட்டார். கடைசிப் பாடத்தில்தான் முட்டுக்கட்டை போட்டார். சந்தேகம் வந்தால் டாக்டரையே நிறுத்திக் கேட்பது என்பது அந்தப் பாடம்.

"எதிர்த்துப் பேசவும் டிரெயினிங்கா?" என்றார்.

திட்டத்தை எழுதிய டிரெயினிங் சிஸ்டரின் வீட்டுக்காரர் கிண்டலில் டாக்டருக்கு ஒரு படி மேலே. "வீட்டுல என்னை வாயத் திறக்க விடமாட்ட. அங்க போய்க் கேள்வி கேக்கச் சொல்லித் தர்றியா?"

சிஸ்டர் அசையவில்லை. போன மாதம் ஒரு நர்ஸ் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு மருந்து போட்டதில், ஒரு பெரியவர் செத்துப் பிழைத்திருந்தார். இந்தப் பாடம் போனால் மற்றப் பாடங்கள் இருந்தென்ன, என்பது சிஸ்டரின் கட்சி.

"ஒரு தடவை நீங்களே நடிங்க சார். பிடிக்கலைன்னா எடுத்துடறேன்."

பயிற்சி அறையில் ரப்பர் பொம்மை நோயாளியாகப் படுத்திருந்தது. சோதனைக்கு வந்தவள், நடந்தால் சத்தமே வராத நர்ஸ். எல்லோருக்கும் அவள் பூனைக்குட்டி. டாக்டர் வேண்டுமென்றே அளவைத் தப்பாகச் சொல்ல வேண்டும், அவள் நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் விளையாட்டுக்குக்கூடத் தப்பு டோஸ் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"இன்சுலின், பத்து யூனிட். உடனே போடு."

சரியான அளவு! இதில் அவள் எதை நிறுத்துவாள் என்று சிஸ்டர் முழித்தார்.

பூனைக்குட்டி ஊசியை எடுத்தாள், நின்றாள். "பேஷன்ட் காலைலேர்ந்து சாப்பிடல சார். போடலாமா?"

"சொன்னதச் செய்! எனக்கே பாடமா?" இது நடிப்பே இல்லை, அசல் கத்தல்.

ஆனாலும் ஊசி தட்டுக்குத் திரும்பியது. "சந்தேகமா இருக்கு சார். சொல்லுங்க, போடறேன்."

டாக்டர் வெற்றியோடு திரும்பினார். "சுகர் நானூறு தாண்டியிருக்கு. சாப்பிடலைன்னாலும் போட்டுத்தான் ஆகணும். நான் சொன்னது சரி. இவ ஃபெயில்!"

"நீங்க சொன்னது சரிதான் சார். அவ பாஸ்," என்றார் சிஸ்டர். "சந்தேகம் வந்துச்சு, நிறுத்திக் கேட்டா. நீங்க சரியா இருந்தா அரை நிமிஷம் போகும். தப்பா இருந்தா உயிர் போகும்."

"அப்போ நான்?"

"ஃபெயில் சார். கேட்டதுக்குப் பதில் சொல்லல, கத்தினீங்க."

இருபது வருஷமாக அவரிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சிஸ்டர் கண்ணை எடுக்காமல் நின்றார்.

"பாடம் திட்டத்துலயே இருக்கட்டும்," என்றார் டாக்டர் கடைசியில். "முதல்ல நான் பாஸ் பண்ணிக்கறேன்."

வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தார். இரண்டாம் தடவையும் கத்திவிட்டார். தாமே தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கதவுக்கு நடந்தார். மூன்றாம் தடவை கட்டிலருகே வந்து மருந்தையும் அளவையும் சொன்னார். பூனைக்குட்டி வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கம் திரும்பி,

"கேளும்மா," என்றார்.