முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்

1974 ஜூலை கடைசியில் எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவே இல்லை. ஒஹாயோவின் தெற்கு மூலையில் சின்ன ஊர். காங்கிரஸ் உறுப்பினர் கிளிஃபர்ட் டன்மயரின் ஊர் அலுவலகத்தில் நான் ஒருத்திதான். ஓய்வூதியம் வரவில்லை, ராணுவத்துக்குப் போன பிள்ளையிடமிருந்து கடிதமில்லை என்று வழக்கமாக ஆட்கள் வருவார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்ததை மூடி மறைத்ததாக ஜனாதிபதிமீது குற்றம் சாட்டுவதா என்று முடிவு செய்யும் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். டன்மயர் அதில் ஒருவர். ஜனாதிபதியின் கட்சிக்காரரும்கூட.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய அண்ணன் ஆரின் கூப்பிட்டார். கடைத்தெருவில் விதையும் தீவனமும் விற்பவர்.

"வெர்னா, உங்க ஆளு ஜனாதிபதிய வீட்டுக்கு அனுப்பப் போறாராமே?"

"குழுவால குற்றம் சாட்டச் சொல்லத்தான் முடியும், ஆரின். அப்புறம் முழுச் சபையும் ஓட்டுப் போடணும். பாதிக்கு மேல வந்தா செனட்ல விசாரணை. அங்க மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டாதான் பதவி போகும்."

"இதுவரைக்கும் எவனுக்காவது போயிருக்கா?"

"நூத்தியாறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர விசாரிச்சாங்க. ஒரு ஓட்டுல தப்பிச்சிட்டார்."

"அந்த ஒரு ஓட்டு என் தம்பியோடதா இருந்துடக் கூடாது. சொல்லி வை."

மதியம் டன்மயரே வாஷிங்டனிலிருந்து பேசினார். கடிதங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டார்.

"பத்துக்கு ஒம்பது வேணாம்னுதான் சார் சொல்லுது."

"நீ என்ன சொல்ற?"

"ஊர்ல உங்க முகத்துல யாரும் முழிக்க மாட்டாங்க."

"அத நான் கேக்கல, வெர்னா."

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு தேர்தலிலும் அந்த ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டவள் நான். அவரே தொடர்ந்தார். "பத்து வாரமா காதுல மாட்டிக்கிட்டு, ஜனாதிபதி தன் அறையில பேசினதோட ஒலிநாடாக்களக் கேட்டேன். கேக்காமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். டன்மயர் மேசையைப் பார்த்துக்கொண்டே "ஆம்" என்றார். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்டிருக்காது. ஓட்டைக் குறிப்பவர் மறுபடி கேட்க, இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை நான் போகும்போது ஆரின் தன் கடைக் கண்ணாடியிலிருந்து தம்பியின் தேர்தல் சுவரொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரமே இன்னொரு ஒலிநாடா வெளியே வந்தது. விசாரணையைத் தடுக்கச் சொன்னது ஜனாதிபதியேதான் என்பது அதில் இருந்தது. குழுவில் "இல்லை" என்றவர்கள்கூட மனம் மாறினார்கள். சபை ஓட்டெடுப்புக்கு முன்பே ஜனாதிபதி பதவி விலகிவிட்டார். இனி ஊர் சமாதானமாகிவிடும் என்று நம்பினேன். ஆனால் தாங்கள் ஏமாந்ததை ஞாபகப்படுத்தும் முகமாக டன்மயரின் முகம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், டன்மயர் ஊர் அலுவலகத்தில் இருந்த ஒரு நாள், ஆரின் அங்கே வந்தார். உட்காரவில்லை.

"அந்த ஆளு பொய் சொன்னான். ஒத்துக்கறேன். ஆனா கிளிஃப், அத சொல்றவன் நீயா இருந்திருக்கணுமா? மத்தவங்க சொல்லியிருப்பாங்களே."

"எல்லாரும் அப்படி நெனச்சிருந்தா?" என்றார் டன்மயர்.

"எல்லாரையும் பத்தி எனக்கு என்ன? என் கடைக்கு வர்றவங்கள நான்தான பாக்கணும்."

நவம்பர் தேர்தலில் தோற்றோம். எங்கள் ஆட்கள் எதிர்க்கட்சிக்குப் போடவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஜனவரியில் அலுவலகத்தைக் காலி செய்த அன்று, கேட்காமலே ஆரின் தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணனும் தம்பியும் பெட்டிகளைத் தூக்கினார்கள். பெரிய மேசை வாசலில் சிக்கிக்கொண்டது.

"நான் உனக்குப் போடல" என்றார் ஆரின், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து.

"தெரியும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

சாய்த்துப் பிடித்தார். மேசை வெளியே வந்தது. ஏற்றி முடித்ததும் ஆரின் வண்டியைக் கிளப்பினார். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. டன்மயர் கையுறையைப் போட்டுக்கொண்டு பனியில் வீட்டுக்கு நடந்தார். ஜூலையில் அந்த வெள்ளிக்கிழமை, "நீ என்ன சொல்ற?" என்று அவர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை.