மணியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிய குண்டு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளையிலிருந்து எனக்குச் சோறு இறங்கக் கூடாது. ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்கிறேன்.

ஆற்று வெள்ளம் சொல்லிவிட்டு வரும். அணை திறந்தார்கள், கரையோரம் ஜாக்கிரதை என்று டிவியில் இரண்டு நாள் ஓடும். லாஸ்பேட்டை மேட்டிலிருந்து சாரத்துக்கு இறங்கும் எங்கள் தெரு அப்படியில்லை. நீளம் கம்மி, சரிவு ஜாஸ்தி. மேலே முன்பு செம்மண் கிடந்து மழையைக் குடித்தது. இப்போது முழுக்க சிமெண்ட், ஒரு சொட்டுக் குடிக்காது. அங்கே கொட்டினால் இங்கே டீ ஆறுவதற்குள் வந்துவிடும். கீழே அதை வாங்கிக்கொள்ள ஒரு வாய்க்கால் உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்ற இடம் வேண்டுமென்று அதன் வாய்மேலேயே மேடை கட்டியவர்கள் நாங்கள்தான். அம்மன் மேடையை எவன் இடிப்பான்?

மேடைக்கு எதிரே என் அக்கா மணியம்மாள் வீடு. போன புயலின்போது அவளுக்குக் காலில் மாவுக்கட்டு.

புயலன்று சாரத்தில் வெறும் தூறல். மேட்டிலிருந்து கூட்டாளி ராமலிங்கம் போன் செய்தான். “டேய் அரி, இங்க பொத்துக்கினு ஊத்துதுடா. எதிர்வீடே தெரியல!”

தண்ணீர் எந்த வழியாக, என்ன வேகத்தில் வரும்? தரையில் வீசி ஆடுகிற பெத்தாங் ஆட்டத்து இரும்புக் குண்டு பையில் இருந்தது. தெருவின் மேல்முனையில் வைத்துக் கையை எடுத்தேன். உருண்டது. ஒரு ஸ்கூட்டரை முந்தியது, வளைவில் ஒழுங்காகத் திரும்பியது, அக்கா வீட்டுக் கதவில் போய் டொக்கென்று இடித்தது. பின்னாலேயே ஓடினேன்.

“எவன்டா அவன் கதவ ஒடைக்கிறது?”

“நான்தான்க்கா. குண்டு வந்த வழியா தண்ணி வருது. கெளம்பு!”

“மழையே இல்ல, இன்னாடா ஒளர்ற? கட்டுப்போட்ட காலோட எங்க வர்றது?”

தெரு நாய்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. குரைக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அப்புறம் செம்மண் வாசனை. அப்புறம் ஜல்லி லாரி சரிந்தது போல ஒரு சத்தம். நான் உள்ளே நுழைவதற்குள் தண்ணீர் முழங்காலில். கட்டிலை எட்டுவதற்குள் இடுப்பில். தண்ணீர் இழுத்த இழுப்பில் அக்காவைப் பிடிக்கவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து திட்டாமல் என்னைக் கூப்பிடாதவள், “தம்பி, உட்றாதடா” என்றாள்.

அக்கா வீட்டில் வைத்திருந்த கோயில் கூழ் அண்டா மூலையில் மிதந்தது. அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தேன். மாவுக்கட்டுக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அண்டா வாசலைத் தாண்டியது. மேடைக்கு முன்னால், போக வழியில்லாத தண்ணீர் சுழன்றது. அண்டாவும் சுழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் விளிம்பு தாழ்ந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் அதன் காதைப் பிடித்துத் தொங்கினேன். விரல் வழுக்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது என் இரும்புக் குண்டு மிதந்து வந்தது. மேடையை ஒரே ஒரு இடி. மேடை பிளந்து, வாய்க்கால் திறந்து, மொத்தத் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடித்தது. அண்டா நடுரோட்டில் டங்கென்று உட்கார்ந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். “மேடைய ஒடச்சிட்டியேடா பாவி” என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அக்கா குடியிருப்பது மூன்றாவது மாடியில்.