மூணாம் நம்பர் குண்டு ரூம்

கெங்கம்மாவுக்கு ஒரு வழியாக நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எண்ணூர் பக்கம் துரை பங்களா தோட்டத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கட்டிய நாலு கான்கிரீட் அறைகள் உண்டு. ஊரில் அவற்றுக்குக் குண்டு ரூம் என்று பெயர். மூன்று அறைகள் எருக்கு மண்டிக் கிடந்தன. மிச்சமிருந்த ஒன்றில் அவளும் மகள் மகிழினியும் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்தார்கள். இப்போது தோட்டம் கன்டெய்னர் யார்டாகப் போகிறது. காலி செய்யும் முன் கணக்கெடுப்பார்கள், அதில் பெயர் ஏறினால் அரசாங்கத்தின் போர்டு வீடு கிடைக்கும்.

கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கால்வாய்க்கரைக்காரர்களுக்கு நடந்ததைப் பார்த்தவள்தானே. ஒருத்தர் வருவார், சுவரில் நம்பர் போடுவார், சிலேட்டிலும் அதையே எழுதிக் குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் பிடிப்பார். கொஞ்ச நாளில் சாவி வரும். ஆகவே அருள்பிரகாசம் சிலேட்டும் கேமராவுமாக வந்து சுவரில் சாக்பீஸால் ‘3’ என்று எழுதியதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் வந்த வேலையே வேறு. இடிப்பதற்கு முன் யுத்த காலக் கட்டடங்களை அளந்து படமெடுத்து வைக்க யார்டுக்காரர்கள் அமர்த்திய தொல்லியல்காரன் அவன்.

“சாமானெல்லாம் வெளிய வெச்சா படம் சுத்தமா வரும்மா” என்றான்.

வைத்தாள். அடுப்பு, பாய், சாமி படம், மகளின் புத்தகங்கள், எல்லாம் வெயிலில் கிடந்தன. புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே சிப்பாய்கள் கீறிய எழுத்து இருக்கும் என்றான் அவன். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் வைத்து இரண்டு நாள் தேய்த்தாள். கறையோடு பதினெட்டு வருஷ அடுப்புப் புகையும் போயிற்று.

“நானும் பொண்ணும் நிக்க வேணாமா சார்?”

“ஆள் வேணாம். இந்த அளவுக்கம்பத்த ஓரமா நின்னு புடிச்சுக்கோ, போதும்.”

பிடித்துக்கொண்டே கேட்டாள். “பேரு ஏறிடும்ல சார்?”

“எல்லாம் ஏறிடும்மா.”

அவனுக்குப் புரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை செய்கிற கை நின்றுவிடும். படுபாவி, அவ்வளவுதான் காரணம்.

அடுத்த மாதம் ஜேசிபி வந்த காலையில்தான் அசல் கணக்கெடுப்பு அதிகாரி ராமசெல்வியும் வந்தாள். ஃபைலைப் புரட்டி, “மூணாம் நம்பர் காலின்னு இருக்கேம்மா” என்றாள். யார்டுக்காரர்கள் கொடுத்த அருள்பிரகாசத்தின் அறிக்கை அது. உட்புறம் வெறுமை, ஆள் புழங்கிய தடயம் இல்லை என்று எழுதியிருந்தது.

“ரேஷன் கார்டு இருக்கா?”

“கீது மேடம். வியாசர்பாடி மாமியார் வூட்டு அட்ரஸ்ல கீது.”

ராமசெல்வி படத்தைக் காட்டினாள். பளிச்சென்ற சுவர். ஓரத்தில் கம்பம், அதைப் பிடித்த ஒரு கை, பச்சைக் கண்ணாடி வளையல்.

“இது என் கை மேடம். இதோ பாரு, அதே வளையலு.”

“கைக்கு வீடு ஒதுக்க முடியாதும்மா.”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கெங்கம்மா திரும்பினாள். அருள்பிரகாசம் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான்.

“சார், நீயே சொல்லு சார். நான் இங்க இருந்தேனா இல்லியா?”

“நான் கட்டடத்தத்தான் பாத்தேன் மேடம்” என்றான் அவன், அதிகாரியைப் பார்த்து. “ஆளுங்கள பாக்கறது என் வேலையில வராது.”

ராமசெல்வி ஃபைலை மூடிக்கொண்டு போனாள். ஜேசிபி கூரையில் முதல் குத்து குத்தியது. உடைந்த பக்கத்தை அவன் பதிவு செய்ய வேண்டும், உதவிக்கு ஆளில்லை.

“கொஞ்சம் புடிம்மா” என்று கம்பத்தை நீட்டினான்.

கெங்கம்மா வாங்கிக்கொண்டாள். மகளையும் இழுத்து அணைத்தபடி, இந்தத் தடவை ஓரமாக இல்லாமல் கம்பத்துக்கு முன்னால் போய் நேராக நின்று கேமராவைப் பார்த்தாள்.

அவன் இரண்டடி நகர்ந்து, கம்பமும் அதைப் பிடித்த கையும் மட்டும் விழும்படி எடுத்துக்கொண்டான்.