பென்சில் கோட்டைத் தாண்டிய குமிழ்

வயலின் அக்காவும் அவர் தம்பியும் இரண்டாம் எண் மைக்கை வாங்கக் கடைக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பதிவுகளைச் சேமிப்பதற்காகத் திரையைப் போட்டேன்.

காலையில் நான்கு மைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அக்காவின் வயலினையும் தம்பியின் கிடாரையும் பதிவு செய்தோம். எது நன்றாக இருக்கிறதோ அதை அவர்கள் வீட்டுக்கு வாங்குவதாக ஏற்பாடு. இப்போது திரையில் இரண்டாவது மைக்கின் அலை மட்டும் கொழுத்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கும் சமமாகக் கேட்பதற்காக ஒவ்வொரு மைக்கின் ஒலியளவுக் குமிழுக்கும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இரண்டாவது குமிழ் கோட்டைத் தாண்டி நின்றது. நேற்றுப் புல்லாங்குழலுக்காக ஏற்றியவள் நான்தான். இறக்க மறந்துவிட்டேன்.

சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

சார் காலையில் நான்கு பதிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸ்டுடியோ அவருடையது. வெளியே அவருக்குப் பெயரே ‘காது’. திரையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்று அணைக்கச் சொன்னவரும் அவர்தான்.

“ரெண்டுதான். வயலின் பக்கத்துல வந்து உக்காருது,” என்றார்.

“எனக்கு நாலும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு,” என்றான் தம்பி.

“உனக்கு நான் கூப்பிடுறதே கேக்காது,” என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலைக்கு எடுப்பதற்குமுன் சார் என்னைச் சோதனைக்காக வைத்திருந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. மாலையில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். குமிழைக் கோட்டுக்கு இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. கையை அதன்மேல் வைத்தேன். எடுத்தேன். சொன்னால் என் தவறு மட்டும் வெளியே வராது. அவர் காது ஏமாந்ததும் வெளியே வரும்.

அவர் அடுத்த அறையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சார்.”

“என்னம்மா? வாயைத் திறந்து பேசு.”

“ரெண்டாவது மைக்குக்கு மூணு டெசிபல் சத்தம் கூட வெச்சுட்டேன் சார். நான்தான்.”

கேபிள் அப்படியே நின்றது. எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சமமாக்கிப் போடு. எது எதுன்னு சொல்லாத.”

வரிசையை மாற்றிப் போட்டேன். ஒருமுறை தப்பாக அழுத்தினேன். வயலின் நான்கு முறை, கிடார் நான்கு முறை. மறுபடி என்றார். மறுபடி போட்டேன்.

“வயலினுக்கு மூணாவதா போட்டதுதான் நல்லாருக்கு. கிடாருக்கும் அதேதான். எது அது?”

“நாலாம் நம்பர் சார்.”

காது மடலைத் தடவிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“அவங்களுக்குப் போன் போடு.”

“நீங்க பேசுறீங்களா சார்?”

“கண்டுபிடிச்சது நீ. நீயே பேசு. நம்ம ஸ்டுடியோவுல இருந்துன்னு சொல்லு. நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு சொல்லு.”

இந்த ஒரு மாதமும் ‘என் ஸ்டுடியோ’ என்றுதான் சொல்லியிருந்தார்; ‘நம்ம’ என்றது இதுதான் முதல்முறை.

போன் ஏழாவது முறை அடித்தபோது தம்பி எடுத்தான்.

“நம்ம ஸ்டுடியோவுல இருந்து பேசுறேன். மைக் வாங்கிட்டீங்களா?”

“இதோ, பில் போடுறாங்க.”

“போட வேணாம்னு சொல்லுங்க!”

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி ஸ்டுடியோவில் யாரும் கேட்டதில்லை. தம்பி அக்காவிடம் போனைக் கொடுத்தான். நான் குமிழ் விஷயத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.