மணிக்கு எண்பது

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கொதிகலன் இரையத் தொடங்கிவிடும். அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்துச் சுவர்கள் அதற்குள் வியர்த்திருக்கும். வார்டுகளிலிருந்து வந்த மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் பட்டவற்றையும் மலம் பட்டவற்றையும் தனித்தனியே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் இளையவள். கூடத்தில் வயதில் சிறியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மடிப்புக்குள் ஊசி இருக்கலாம், உடைந்த மருந்துக்குப்பி இருக்கலாம். ஒவ்வொரு விரிப்பையும் உதறிப் பார்க்காமல் தொட்டியில் போடக்கூடாது. ஈர விரிப்பை உதறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பிளீச்சிங் பவுடர் நெடியில் மூக்கு மரத்துப்போய் வெகுநாளாயிற்று.

காய்ந்ததை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இளையவளுக்கு எதிர்முனையில் அண்ணி. அண்ணன் செத்தபின் இந்த வேலையில் சேர்ந்தவள், பிறகு இவளையும் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். ஓட்டை பார்த்து, கறை பார்த்து, இழுத்து மடித்தால் ஒரு ஜோடிக்கு மணிக்கு நாற்பது விரிப்பு. அதற்கு மேல் ஓடாது.

இன்று நாற்பதும் ஓடவில்லை. இளையவளின் மடிப்பு கோணிக்கொண்டே போனது.

"கை எங்கேயோ மனசு எங்கேயோ," என்றாள் அண்ணி. "மத்தியானம் கூப்பிட்டா பேசாம போய்க் கையெழுத்துப் போடு. நீயாவது உள்ளே இரு. ரெண்டு பேரும் தெருவுக்குப் போனா அடுப்பு எப்படி எரியும்?"

முந்தின நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சலவைக்கூடம் ஒரு கம்பெனியின் கைக்குப் போகிறது. இருபது பேர் வேண்டாம், பன்னிரண்டு பேர் போதும். தினக்கூலி. ஒரு ஜோடி மணிக்கு எண்பது விரிப்பு மடிக்க வேண்டும். பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரும் மறுநாள் மத்தியானம் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இளையவள் இருந்தாள். அண்ணி இல்லை.

எண்பது என்ற அந்த எண்தான் இளையவளை இரவெல்லாம் புரட்டி எடுத்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கியிலிருந்து இரண்டு பேர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நல்ல வேலை என்று கண்ணில் பட்டால் புது மெஷின் வரும் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். யோசனை சொன்னவள் இளையவள். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே இருபது பேரும் உட்கார்ந்து, ஓட்டையில்லாத விரிப்பாகப் பொறுக்கி, ஓரம் நீவி, அடுக்கிவைத்துவிட்டார்கள். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயையா விரிப்பார்கள்? மறுநாள் கைகள் பறந்தன. வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஜோடிக்கு மணிக்கு எண்பது என்று எழுதினார், சிரித்தார். அன்று சாயங்காலம்வரை கூடத்தில் ஒரே கும்மாளம்.

இதையெல்லாம் டீ இடைவேளையில் இளையவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எட்டுப் பேர் வாயில் தான்தான் மண்ணைப் போட்டதாகவும், யார் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வதாகவும் சொல்லி முடித்தாள்.

கஞ்சி போடும் தொட்டிக்குப் பொறுப்பானவள், எல்லோருக்கும் கஞ்சி அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ சொன்னேன்னா நாங்க என்ன பால்குடிப் பிள்ளைங்களா? எனக்கும்தான் காட்டணும்னு ஆசையா இருந்துச்சு. முப்பது வருஷமா இந்த வேலையை ஒருத்தர்கூட நின்னு பார்த்ததில்ல."

பிறகு அவள் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன் பெயரும் அதில் உண்டு என்றாள். இருபது பேர் சேர்ந்து சொன்ன பொய்யை இருபது பேரும் சேர்ந்துதான் அவிழ்க்க வேண்டும் என்றாள். வேலையை நிறுத்தலாம் என்றார் கொதிகலன்காரர். அறுவை முடிந்து கிடப்பவன் ரத்த ஈரத்திலா படுப்பான் என்று அண்ணி கேட்டதும் அவர் அடங்கிப்போனார். துவைப்பது நிற்காது, கையெழுத்து விழாது என்று முடிவாயிற்று.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை சூப்பிரண்டும் கம்பெனிக்காரரும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். முதல் பெயர் இளையவளுடையது. மேஜைவரை போனாள், பேனாவைத் தொடவில்லை.

"எண்பது முடியாது சார்."

"நானா சொன்னேன்? நீங்களே செஞ்சு காட்டினதும்மா. எழுத்துல இருக்கு," என்றார் கம்பெனிக்காரர்.

"அது வித்தை சார். முந்தின நாள் இருபது பேரும் பொழுதன்னிக்கும் உட்கார்ந்து பொறுக்கி வெச்சதை அந்தக் கடிகாரம் பாக்கல. இப்பப் பாருங்க. உதறி, ஓட்டை பார்த்து மடிக்கிறோம். நின்னு எண்ணுங்க."

"அப்போ ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார். எங்களையே ஏமாத்திக்கிட்டோம்."

சூப்பிரண்டு நெற்றியைத் தேய்த்தார். "புரிஞ்சுக்கோங்கம்மா. நாடே கடன்ல நிக்குது. ஆஸ்பத்திரின்னா வைத்தியம் மட்டும் பாருங்க, துவைக்கிறது சமைக்கிறதெல்லாம் வெளியே விடுங்கன்னு கடன் குடுத்தவன் சொல்றான். என் கையில என்ன இருக்கு?"

"கடன் வாங்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் கஞ்சி அக்கா. "கையெழுத்துக்கு மட்டும் தேடி வர்றீங்க. இருபது பேரையும் கூப்பிடுங்க, போடறோம்."

அடுத்தடுத்த பெயர்களைக் கூப்பிட்டார்கள். யாரும் அசையவில்லை. ஒருத்தி மட்டும் ஓர் அடி எடுத்துவைத்தாள். வீட்டில் மூன்று பிள்ளைகள். அவள் தயங்கி நின்ற இடத்தில் அண்ணி போய்ப் பக்கத்தில் நின்றாள். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

இதற்கிடையில் அறுவைக்கூடத்துக்கான மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கொதிகலன்காரர் மேலே போயிருந்தார். சூப்பிரண்டு சொன்ன 'சமைக்கிறது' என்ற சொல்லையும் சேர்த்தே சமையல்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

நாளை ஒன்பது மணிக்கு வருவேன், கையெழுத்து இல்லாவிட்டால் வேறு ஆட்களோடு வருவேன் என்று சொல்லிக் கம்பெனிக்காரர் காகிதங்களைப் பைக்குள் திணித்தார். வாசலில் அவருக்கு வழியில்லை. சமையல்கூடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஈரக்கையோடு நின்றிருந்தார்கள். அவர்கள் மெதுவாக ஒதுங்கி அவரைப் போகவிட்டார்கள்.

"அடுத்தது நாங்களாமே?" என்றாள் தலைமைச் சமையல்காரி. கூடத்தின் ஆவியில் கண்ணைச் சுருக்கி இளையவளைப் பார்த்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"ஒன்பதுக்கு."

"காலைச் சாப்பாட்டை எட்டுக்கே முடிச்சுடறோம். எங்கே வந்து நிக்கணும்?"

இளையவள் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூட்டைகளும் தொட்டிகளும் போக அங்கே இடம் அதிகமில்லை. அண்ணி அதற்குள் இரண்டு மூட்டைகளை நகர்த்தத் தொடங்கியிருந்தாள்.