ஐந்து மணிக் குரல்

பெருநகர் என்ற ஊருக்கு அப்பால் உள்ள சின்னக் காலனியின் ஆலயத்துக்கு ஞானதாஸ் பத்தொன்பது வருஷமாக உபதேசியார். உத்திரமேரூரிலிருந்து போதகர் ஐயா மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். பிரசங்கம், வீட்டு ஜெபம், அடக்கம் என்று மற்றதெல்லாம் இவர் தலையில். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மைக்கில் ஊருக்காக ஜெபிப்பது அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம். நோயாளிகளைப் பேர் சொல்லி நினைப்பார். நாற்று நடப் போகிற பெண்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

போன ஐப்பசி மழையில் நனைந்து குளிர்காய்ச்சலில் விழுந்தார். கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் ஜெபித்ததை மகன் ஜான்சன் செல்போனில் பதிந்து, பென்டிரைவில் ஏற்றி, ஆலயத்து ஒலிபெருக்கியில் தானாக ஓடும்படி டைமர் வைத்துக் கொடுத்தான். காய்ச்சல் பத்து நாளில் விட்டது. உடம்பு தேறட்டும், இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று ஞானதாஸ் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் நாலு மாதமாயிற்று. அவர் தூங்கும்போது அவர் குரல் ஊருக்காக மன்றாடியது. எப்போதும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு நாளும் தவறாத ஜெபவீரர் என்று அறுப்பின் பண்டிகையில் சால்வை போர்த்தினார்கள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மாசியில் ஒரு நாள், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்காக முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். பனி இறங்கிக் கிடந்தது. ஆலயத்தைத் தாண்டும்போது ஒலிபெருக்கி உயிர்பெற்றது. தன் குரலை வெளியில் நின்று கேட்பது அதுதான் முதல் தடவை. உருக்கமாகத்தான் இருந்தது. மதிலோரம் ஒருத்தி முக்காடிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“ஆண்டவரே, கிட்னி நோவுல கெடக்குற உம்முடைய மகள் சொக்கம்மாளுக்கு இந்த நாள்ல சொகம் குடும்.”

ஞானதாஸ் அப்படியே நின்றுவிட்டார். சொக்கம்மாள் மார்கழியில் இறந்துவிட்டாள். குழியில் முதல் பிடி மண் போட்டதே அவர்தான்.

முக்காட்டுக்காரி திரும்பினாள். சொக்கம்மாளின் மகள் வளர்மதி. எதிரில் நிற்கிறவரைப் பார்த்தாள், ஜெபம் வந்துகொண்டிருந்த திசையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பயத்தில் இரண்டடி பின்னுக்குப் போனாள்.

“நீங்க இங்க கீறீங்களே. அப்போ உள்ள யாரு?”

அவர் பதிவு செய்து வைத்ததைச் சொன்னார்.

“அம்மா போயி ரெண்டு மாசம் ஆவுது. இன்னும் சொகம் குடுன்னு கேட்டுக்கினே இருந்தீங்க. செத்தும் அதுக்கு நோவு தீரலியோ, அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சி கேக்குறீங்களோன்னு தெனமும் இங்க வந்து நின்னு அழுதுக்கினு கெடந்தேன்.”

அவள் போய்விட்டாள். ஒலிபெருக்கி ஆமென் சொல்லி ஓய்ந்தது. பஸ் போன சத்தமும் கேட்டது. ஞானதாஸ் உள்ளே போய் ஒயரைப் பிடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டியதை எதற்குச் சொன்னார் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வளர்மதி வரவில்லை. அவர்தான் அவள் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள்.

“அம்மாவுக்காக இனிமே கேக்காதீங்க. அது நல்லா கீதுன்னு நான் நம்பணும், அதுக்குக் கேளுங்க.”

மறுநாள் ஐந்து மணிக்கு மைக் இல்லாமல் முழங்கால் போட்டார். வாயைத் திறந்ததும் பதிவில் இருந்த அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தன. தன் தொண்டைக்குள் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. வாயை மூடிக்கொண்டார். பொழுது விடியும்வரை வளர்மதியின் பேரை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் அவர் ஜெபத்தில் திக்கித் திக்கித்தான் பேசுகிறார். என்றைக்காவது வார்த்தை தடையில்லாமல் ஓடத் தொடங்கினால், பயந்து நிறுத்திவிட்டு, தான் விழித்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்கிறார்.