தலையை ஆட்டாமல் கேட்பது

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து வந்தது. கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். கற்பனை செய்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ரயில்வே யார்டில் பெட்டி கோத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கனடாவின் வின்னிபெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நோயாளியாக நடிக்கிறேன். மனநல மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்டுப் பழகுவார்கள். அந்த நாற்காலியில் நான் மனைவியை இழந்த ஹெக்டர். முடிந்ததும் எழுந்து நின்று, சொந்தப் பெயரையும் ராத்திரிச் சாப்பாட்டையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஹெக்டர் வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுவானாம். பேராசிரியர் கோலெட் போட்ட சட்டம்.

"நான் ஓரெஸ்ட். இன்னிக்கு உருளைக்கிழங்கு வச்ச பெரோகிக் கொழுக்கட்டை."

2

இந்தக் கதையை முதலில் 'பனி பெய்துகொண்டிருந்த ஒரு' என்று தொடங்கினேன். இங்கே எப்போது பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

'அன்பே உருவான பேராசிரியர்' என்று தொடங்கினால் கோலெட் என்னை உதைப்பார்.

நேராகவே சொல்கிறேன். அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்தது ஒரே விஷயம். 'சாகணும்னு தோணுதா?' என்று கேட்கும்போதே, கேட்கிறவரின் தலை 'இல்லை' என்று ஆடிவிடுகிறது. பயம்தான். எதிரே இருப்பவரும் பாவம் பார்த்து 'இல்லை' என்றுவிடுகிறார். (இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று நினைத்தேன். பிறகு பிள்ளைகளின் தலைகளைக் கவனித்தேன். ஒன்று பாக்கியில்லாமல் ஆடின.)

"பிரெட், உன் தலை என்ன மின்விசிறியா? மறுபடி கேளு," என்று ஒரு மாணவனை அதட்டினார் கோலெட்.

"சாரி டாக்டர்."

"எங்கிட்ட எதுக்கு சாரி? உன்ன நம்பி வந்த ஹெக்டர் போய்ச் சேந்துட்டாரு, அவருகிட்டச் சொல்லு."

"நான் இன்னும் இருக்கேம்ப்பா," என்றேன். வகுப்பு சிரித்தது.

3

கோலெட் ஓய்வு பெறுவதற்கு முன் நடத்திய கடைசி வகுப்பு. எனக்குச் சரியான இருமல்.

"இன்னிக்கு நான் உக்கார்றேன் ஓரெஸ்ட். நீங்க வேடிக்கை பாருங்க."

ஓய்வு பெறும் ஆசிரியை, வீட்டில் யாருமில்லை, தூக்கமில்லை: இப்படி ஒரு நோயாளியாக உட்கார்ந்தார். பிரெட் அதே கேள்வியைக் கேட்டான். தலை ஆடியது.

"இல்லப்பா," என்றார் கோலெட். அவனைத் திருத்தவில்லை.

பிள்ளைகள் கேக் சாப்பிட்டுக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். கோலெட் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"டாக்டர், எழுந்து பேரச் சொல்லுங்க. சாப்பாட்டையும்."

"நீங்க போங்க. பஸ் போயிடும்."

"போனா அடுத்தது வரும். ராத்திரி என்ன சாப்பாடு?"

"தெரியல ஓரெஸ்ட்."

(இந்த இடத்தில் அவரைச் சிரித்துக்கொண்டே எழ வைத்தேன். பொய். என் தோளில் சாய்ந்து அழுததாக எழுதினேன். அதுவும் பொய், என் கோட்டு நனையவே இல்லை.)

4

நடந்தது இதுதான். பிரெட்டின் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். கேட்க வாயெடுத்தால் என் தலையும் ஆடப் பார்த்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாகணும்னு தோணுதா, கோலெட்?"

அவர் என் கைகளையே பார்த்தார்.

"இப்படியா சொல்லிக் குடுத்தேன்? கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"சுளுக்கட்டும். பதில் சொல்லுங்க."

சொன்னார். நிதானமாக, என் கண்ணைப் பார்த்து. நான் கையை எடுக்கவில்லை. அன்று என் வீட்டில் பெரோகி இரண்டு தட்டில் வைக்கப்பட்டது, அதுவரை சொல்லலாம்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் படிக்கிற உங்கள் தலை 'இல்லை' என்று ஆடுகிறது. இங்கிருந்தே தெரிகிறது.

முதலில் அதை நிறுத்துங்கள்.